பதினெட்டு டிகிரி என்று எழுதிய தொட்டி

மூன்றாம் தொட்டியின் குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதுகு வளைந்திருந்தது. நாற்பது நாள் மீன்குஞ்சுகள். சில நேராக நீந்தப் பார்த்து, பக்கவாட்டில் சரிந்து, மறுபடி முயன்றன. காலை வேலைக்காரி தொட்டி விளிம்பை விட்டு நகராமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொரிந்த நாளிலிருந்து காலையில் அவளும், மதியத்துக்கு மேல் அவளுடைய அண்ணியும் அவற்றைக் கவனித்து வந்தார்கள். கணவன் விட்டுப்போனபோது நடுத்தெருவில் நின்றவளைக் கைப்பிடித்து இந்த மீன்குஞ்சுப் பண்ணையில் சேர்த்துவிட்டவள் அந்த அண்ணிதான்.

பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த டாக்டரம்மா குஞ்சுகளை எக்ஸ்ரே எடுத்தாள். முதுகெலும்பின் கணுக்கள் சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. முதல் சில வாரங்களில் எலும்பு இன்னும் இறுகாமல் இருக்கும், அப்போது தண்ணீரில் சூடு கூடினால் உடம்பு வளரும் வேகத்துக்கு எலும்பால் ஈடுகொடுக்க முடியாது என்று அவள் விளக்கினாள். பிறகு தண்ணீர்ப் பதிவேட்டைப் புரட்டினாள். நாற்பது நாளும், இரண்டு வேளையும், பதினெட்டு டிகிரி.

"என்னம்மா இது, தண்ணிக்கு ஒருநாள்கூட காய்ச்சல் வரலையா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சுவரில் ஒட்டிய அட்டையில், தண்ணீரில் இருக்கவேண்டிய சூடு பதினெட்டு என்று இருந்தது. ஒரு தடவை பதினேழரை என்று எழுதியவளை மேனேஜர் நிற்கவைத்துக் குடைந்தெடுத்தார். அதிலிருந்து வெப்பமானியின் கண்ணாடிக்குழாய் எதைக் காட்டினாலும் எல்லோரும் பதினெட்டுதான் எழுதினார்கள்.

மேனேஜர் அதற்குள் தீர்ப்பை முடித்துவிட்டிருந்தார். ஒருநாள் மதியம் அண்ணியின் கை ஹீட்டர் திருகில் இருந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். சாயங்காலத்தோடு அண்ணி கணக்கை முடித்துக்கொண்டு போகலாம்.

ஆனால் காலை வேலைக்காரியின் கையும் அந்தத் திருகில் இருந்திருக்கிறது. காலையில் தண்ணீரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். பாவம், குளிரில் நடுங்குமே என்று தினமும் கொஞ்சம் கூட்டிவைப்பாள். மறுநாள் காலை பழையபடி ஜில்லென்றே இருக்கும். ஹீட்டருக்கு வயசாகிவிட்டது என்றே நினைத்தாள். குறைத்து வைத்தது அண்ணி என்று இன்றுதான் புரிந்தது. அப்படியானால் சூட்டை ஏற்றியது யார்? அவள்தானே? இல்லை, அவள் ஏற்றியதையும் அண்ணி இறக்கியதையும் மாறி மாறித் தாங்கியதில்தான் அந்தப் பிஞ்சு எலும்புகள் தடுமாறினவா?

டாக்டரம்மாவைத் தனியே பிடித்து, காலையில் ஒருத்தி கூட்டி, மதியம் ஒருத்தி குறைத்திருந்தால் குற்றம் யாருடையது என்று கேட்டாள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், கை தெரியாது என்றாள் அவள். தெளிய வந்தவள் இன்னும் குழம்பித் திரும்பினாள்.

மேனேஜர் அறைக்குள் அவள் நுழைந்தபோது அண்ணி கையெழுத்துப் போடக் குனிந்திருந்தாள்.

"சார், காலையில நான் கூட்டிவெச்சேன். தினமும்."

அண்ணி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியைத் தேடியவளுக்குக் கிடைத்தது கோபம்.

"உன்னை யாரு கேட்டா? நீ கூட்டறது எனக்குத் தெரியாதா? முதல் நாள்லேர்ந்தே தெரியும். உன் பிழைப்பு போயிடக்கூடாதேன்னுதான் நான் சத்தம்போடாம குறைச்சேன்."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"சொன்னா நீ அழுவ. உன் அழுகைக்கு யாரு பதில் சொல்றது?"

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த மேனேஜருக்கே யாரை அனுப்புவது என்று தெரியவில்லை. கடைசியில் அண்ணி தொட்டியிலேயே இருக்கட்டும், இவள் வலை கழுவும் பகுதிக்குப் போகட்டும் என்றார். அண்ணியின் வேலை தப்பியது.

சாயங்காலம் இருவரும் ஒரே பேருந்துக்காக, ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றார்கள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் செய்தது அண்ணியைக் காப்பாற்றியதா, அண்ணி தனக்காகக் கட்டிக்காத்ததைப் போட்டு உடைத்ததா என்று அவளுக்கு விளங்கவே இல்லை. பேருந்து வந்தது. அண்ணி முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்தாள். இடம் பிடித்தாளா, வராதே என்றாளா? அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.