கல் முடிந்தாலும் வரி முடியவில்லை

காலை ஏழரைக்குக் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பள்ளிப் பேருந்து கிளம்பியது. கோலார் நகருக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாகப் போன பெற்றோர் நான் ஒருவன்தான். என் மகள் பிரின்சி சன்னலோரம் இருந்தாள். ஜூனில் அவள் போன ஆட்டோ கவிழ்ந்தது. கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அன்றிலிருந்து பேச்சு திக்கியது, வகுப்பு சிரித்தது, வீட்டுக்கு வெளியே அவள் வாய் திறப்பதை விட்டுவிட்டாள். பேருந்து பிரேக் போடும்போதெல்லாம் நான் இன்னும் அவளைத் திரும்பிப் பார்க்கிறேன்.

எட்டேகாலுக்குப் பங்காருபேட்டையில் டீ. அங்கேதான் வரலாறு எடுக்கும் சுஜாதா மிஸ், "இன்னிக்கு எல்லாரும் வாய்விட்டுப் படிக்கணும்" என்று அறிவித்தார். நான் அவரைத் தனியே அழைத்து, "மிஸ், இவளை மட்டும் விட்டுடுங்க" என்றேன்.

"பாக்கலாம் வாங்க சார்" என்றார்.

ஒன்பதரைக்குக் கோலாரம்மா கோயில். சுவரில் வரிவரியாகச் சோழர் காலத் தமிழ். அந்தக் கால எழுத்தை மிஸ் ஒரு வாரமாகப் பழக்கியிருந்தார். "புத்தகம் பைக்குள்ளயே இருக்கட்டும். சுவரத் தொடாம படிங்க."

பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லின் முன்னால் நின்று, புத்தகப் பக்கம் போல மேலிருந்து கீழே படித்தார்கள்.

"மிஸ், இத எழுதுன ஆளு இன்னா உளர்றாரு? ஒண்ணுமே சேரல!" என்றான் டேனியல். ஒரே சிரிப்பு. மிஸ் கைகட்டி நின்றார்.

பிரின்சியின் விரல் மட்டும் காற்றில் ஒரே வரியைத் தொடர்ந்தது. கல் சேரும் இடத்தைத் தாண்டி, அடுத்த கல்லையும் தாண்டிப் போனது. திடீரென்று திரும்பினாள்.

"டேய் டேனி! ஷா... ஷாஃப்ட் மாதிரி கீழ எறங்காதடா. லெவல் மாதிரி நேராப் போ. கல்லு முடிஞ்சாலும் வரி மு... முடியல!"

தங்கவயல் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? செங்குத்தாக இறங்குவது ஷாஃப்ட், அதிலிருந்து கிடையாக ஓடும் சுரங்கப் பாதை லெவல்.

"அப்ப நீயே கூட்டிட்டுப் போம்மா" என்றார் மிஸ்.

அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். தடுமாறிய இடங்களில் யாரும் சிரிக்கவில்லை. அந்த எழுத்துகளில் எல்லோருமே தடுமாறினார்கள், மிஸ் உட்பட. வரி மூலை திரும்பியது, வகுப்பும் திரும்பியது. 'நெல்' என்ற சொல் வந்தது, பிறகு அளவு.

"கோயிலுக்கு அளந்த நெல்லுடா!" டேனியல் தங்கமே அகப்பட்டதுபோல் கத்தினான். கும்பிட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். வரி முடிந்ததும் எழுந்த கைதட்டலில் நான் தூணுக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் தமிழர் கதையைச் சுரங்கம் திறந்த காலத்திலிருந்துதான் தொடங்குவோம். பக்கத்திலேயே அதற்குப் பல நூறு ஆண்டு முந்தைய தமிழ் நிற்கிறது. அதை என் மகள் உரக்கப் படித்துக்காட்டினாள்.

ஒரு மணிக்குத் திரும்பினோம். வழி முழுக்கப் பின் இருக்கையில் அவள் குரல்தான்.

"அங்கிள், இவளக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, காது வலிக்குது" என்றான் டேனியல்.

"சொல்ல மாட்டேன்டா" என்றேன்.