டிக்கிக்குள் எரிந்த விளக்கு

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. கடைத்தெருவில் அவர் 'மில்லி'. கார்களுக்கு மின்சார வேலை பார்ப்பவர். எந்த வண்டி வந்தாலும் மீட்டரை மாட்டி, "எத்தனை மில்லி போகுதுன்னு பாப்போம்" என்றுதான் ஆரம்பிப்பார். மில்லி ஆம்பியரைச் சொல்கிறார் என்பது புரியாத புதியவர்கள், ஆள் குடிகாரர் போல என்று இரண்டடி தள்ளி நிற்பார்கள். பாவம், டீக்கே சர்க்கரை போடாத மனிதர்.

இருபத்தாறு வருடமாக அதே தகரக் கொட்டகை. பின்னால் வீடு. வீட்டில் மனைவியின் தையல் மிஷின் ஓடும் சத்தம் கொட்டகை வரை கேட்கும். அவளுடைய நூல்கண்டு ஒன்று எப்போதும் இவர் பெட்டியில் கிடக்கும். வயர்களைச் சேர்த்துக் கட்ட எல்லாரும் டேப் சுற்றினால், இவர் ஊதா நூலால் வரிவரியாகச் சுற்றி முடிச்சுப் போடுவார். டேப் வெயிலுக்குப் பிசுபிசுத்துப் போய்விடுமாம்.

கோபம் மூக்குக்கு மேல் வரும். அதுவும் பேட்டரி இறங்கிவிட்டது என்று உடனே புதுப் பேட்டரி மாட்டுபவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. "பால் குறையுதுன்னா பாத்திரத்தையா மாத்துவீங்க? பூனை எங்கேன்னு பாருங்க!" என்று கத்துவார். "உங்க வாய்க்கு முதல்ல ஒரு ஃபியூஸ் போடணும்" என்பாள் மனைவி.

அப்படித்தான் ஒரு காலையில் ஒரு சாம்பல் நிறக் காரைப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி கொண்டுவந்து நிறுத்தினாள். ஐம்பதை நெருங்கும் வயது. ஓட்டப் பழகி நான்கு மாதம்தான் ஆகிறது என்பது அவள் நிறுத்திய கோணலிலேயே தெரிந்தது.

"தினமும் எடுத்தா ஒண்ணும் இல்லைண்ணா. மூணு நாள் நின்னா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. இது மூணாவது பேட்டரி."

மில்லி பூனைக் கதையை அவளுக்கும் ஒருமுறை சொன்னார். பேட்டரியைச் சோதித்தார், நன்றாக இருந்தது. என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார், சார்ஜ் ஏறியது. பிறகு என்ஜினை அணைத்து, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தார். வண்டி முழுவதும் அடங்க இருபது நிமிடம் ஆகும் என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அந்த இருபது நிமிடத்தில் அவள் பேசினாள். கேட்க ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறாள்.

"இது என் வீட்டுக்காரர் வண்டி. போட்டோகிராபர். வாரக் கடைசியிலதான் அவருக்கு வேலை, மத்த நாள் வண்டி நிக்கும். எட்டு மாசம் முன்னாடி, காலையில நெஞ்சு வலின்னாரு. அவரே ஓட்டிடலாம்னு உட்கார்ந்தாரு, வண்டி எடுக்கலை. பக்கத்து வீட்டு ஆளை எழுப்பி, அவர் வண்டி வர்றதுக்குள்ள..." நிறுத்திக்கொண்டாள். "முந்தின நாளே சொன்னாருண்ணா. பேட்டரி இறங்கிடும், அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைன்னு. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். மறந்துட்டேன். நான்தான் அவரைக் கொன்னுட்டேன்."

மில்லி எழுந்து மீட்டரைப் பார்த்தார். ஐம்பது மில்லிக்குள் இருக்க வேண்டிய இடத்தில் நானூற்றுப் பத்து. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எண் அசையவில்லை. அப்படியென்றால் எவனோ ஃபியூஸ் பெட்டிக்கே போகாமல் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்திருக்கிறான். "எந்த மடையன் பார்த்த வேலையோ!" என்று வாய்விட்டே திட்டினார்.

கூடுதல் வயர் ஒன்று கிடைத்தது. கதவோரம் மிதியடிக்குக் கீழே ஓடி, டிக்கிக்குள் போய், ஒரு சின்ன விளக்கில் முடிந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்விட்ச். பழைய ஃபிரிட்ஜ் கதவில் இருந்து எடுத்தது. வயர் முடிகிற இடத்தில், தூசி படிந்த ஊதா நூல்.

அவருடைய முடிச்சேதான். இரண்டு வருடம் முன்பு, கேமராப் பைகளோடு வந்த ஒரு கலகலப்பான மனுஷன். இருட்டில் லென்ஸ் தேட முடியவில்லை, டிக்கிக்கு ஒரு லைட் போட்டுத் தாங்க என்றான். மற்ற உள் விளக்குகளோடு சேர்த்திருந்தால், மறந்தாலும் சற்று நேரத்தில் வண்டியே அணைத்துவிடும். அதற்கு உள்ளே பாதியைப் பிரிக்க வேண்டும். சோம்பல்பட்டு நேராக இழுத்து, கையில் கிடைத்த ஸ்விட்சை மாட்டிவிட்டார்.

செல்போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினார். எடுத்துப் பார்த்தார். மூடிய டிக்கிக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மூடும்போது அழுந்தி விளக்கை அணைக்க வேண்டிய ஸ்விட்ச், உள்ளே தகடு ஒட்டிக்கொண்டு செத்திருந்தது.

"என்னண்ணா, கண்டுபிடிச்சிட்டீங்களா?"

யாரோ போட்டது என்று சொல்லிவிடலாம். சற்று முன் திட்டியதும் அப்படித்தானே. வயரை வெட்டி எறிந்தால் கதை முடிந்தது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் யாரோ எவனோ என்று மழுப்பினால் அவள் நம்பமாட்டாள், மறந்துட்டேன் மறந்துட்டேன் என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருப்பாளே.

"டீச்சர், இந்த லைட்டை மாட்டினது நான்தாங்க. டிக்கியை மூடினாலும் எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. நீங்க அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணியிருந்தாலும் ஒண்ணும் ஏறியிருக்காது. அன்னிக்குக் காலையில இந்த வண்டி எடுத்திருக்காது. தப்பு என்னோடது."

அவள் அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் தேவலை.

"அப்போ, நான் மறந்ததால இல்லையா?"

"இல்லைங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். எட்டு மாத அழுகை. தையல் மிஷின் சத்தம் நின்றது. மனைவி வாசலுக்கு வந்து நின்றாள். பிறகு டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த லைட் வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாருண்ணா. ரொம்ப சந்தோஷம் அவருக்கு" என்றாள். அதைக் கேட்டபோதுதான் மில்லி உடைந்தார்.

வண்டி போன பிறகு பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்தார். இன்னும் இரண்டு ஃபிரிட்ஜ் ஸ்விட்ச் கிடந்தது. பழைய இரும்புக் கடை ஃபிரிட்ஜ்களிலிருந்து ஒரு டஜன் கழற்றி வந்தது நினைவிருந்தது. பத்தை மாட்டியிருக்கிறார். பத்து வண்டி.

மறுநாள் கொட்டகை திறக்கவில்லை. வீடு வீடாகப் போய், "உங்க டிக்கி லைட்டை ஒருதடவை பாக்கணுங்க, நான் போட்டதுல ஒரு தப்பு இருக்கு" என்று நின்றார். வாய்க்கு ஃபியூஸ் போட்டது போல, அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. இரண்டு வாரத்தில், டீச்சருடையதைச் சேர்த்து ஒன்பது கழன்றது. பத்தாவது வண்டியை அதன் சொந்தக்காரர் எங்கோ விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று அவருக்கே தெரியாது.

இப்போதும் சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் காரின் டிக்கியையே பார்த்துக்கொண்டிருப்பார். பச்சை விழுந்தது தெரியாது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.