தொள்ளாயிரம் கலோரியோடு திருமயம் வரை

1938ஆம் வருஷம் பிப்ரவரி 9ஆம் தேதி, புதன்கிழமை, காலை 5 மணி 40 நிமிஷம். கடும் பனி. கீரனூர் கடைத்தெருவில் எதிர்ச் சாரிக் கடைகள்கூடத் தெரியவில்லை. புதுக்கோட்டை பஸ் ஆறு மணிக்கு என்று சொல்லுவார்கள். ஆறே காலுக்கு வந்தது. அந்த முப்பத்தைந்து நிமிஷமும் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்து எழுந்தால் அடிவயிற்றில் இருக்கிற கட்டி பிதுங்கும் என்ற பயம்.

பயணத்தைச் சொல்லுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வயது அறுபத்து நாலு. பள்ளிக்கூடத்தில் கணக்கு உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி ஒன்பது வருஷம். குடலிறக்கத்துக்கு இரண்டு வருஷமாகத் தோல் வார் கட்டிக்கொண்டிருக்கிறேன். குடல் ஒரு நாள் வெளியே வந்து சிக்கிக்கொண்டால் சில மணி நேரம்தான் என்று திருச்சி டாக்டர் சொல்லியிருக்கிறார். அறுத்துத் தைத்துவிடலாம், ஆனால் 188 ராத்தல் எடையோடு மயக்க மருந்து கொடுக்க மாட்டாராம். 176க்கு இறங்கி வரச் சொன்னார்.

அதற்கு அவர் ஒரு தாள் கொடுத்தார். உணவு உடம்பில் எரிந்து எவ்வளவு உஷ்ணம் தருகிறது என்பதை அளக்கும் கணக்குக்குக் கலோரி என்று பெயர். இட்லி ஒன்றுக்கு 70, ஒரு கிண்ணம் சோற்றுக்கு 200, தேக்கரண்டி நெய்க்கு 45 என்று வரிசையாக எழுதி, அடியில், "நாளைக்கு 1,800. வாரத்துக்கு ஒரு ராத்தல் இறங்கினால் போதும். பன்னிரண்டு வாரம்" என்று முடித்திருந்தார்.

பன்னிரண்டு வாரம் அந்தக் கட்டியோடு காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. பாதி சாப்பிட்டால் பாதி நாளில் முடியும் என்று கணக்குப் போட்டேன். 1,800ஐ 900 ஆக்கினேன். ஜனவரி 21ஆம் தேதி ஆரம்பித்து, சாப்பிட்டதையெல்லாம் சட்டைப் பையில் இருக்கும் ஒரு நோட்டில் எழுதிவந்தேன். ஆறு வாரத்தில் இறங்கிவிடுகிறேன் என்று டாக்டருக்கும் எழுதிவிட்டேன். "உம்மால் முடிந்தால் மார்ச் 4ஆம் தேதி வரலாம். 176க்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புவேன்" என்று பதில் வந்தது. அந்த மார்ச் 4ஐ இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நான் பஸ்ஸில் ஏறினேன்.

போகிற காரியம், திருமயத்துக்கு மேற்கே இரண்டு மைலில் இருக்கும் ஊரில் என் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமனான என் மகன் சீர்வரிசையோடு முதல் நாளே போய்விட்டான்.

கீரனூரிலிருந்து புதுக்கோட்டை பதினைந்து மைல், கட்டணம் ஆறணா. வழியில் நாற்பத்தொரு பள்ளம். ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டேன். பக்கத்தில் வெற்றிலைக் கூடையோடு இருந்த அம்மாள் இருபதாவது பள்ளத்தில் கேட்டாள்.

"மடியில பணம் வச்சிருக்கீகளாய்யா, இந்தப் பிடி பிடிக்கிறீக?"

"இல்லை, குடல்" என்றேன். அந்த அம்மாள் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

7 மணி 35க்குப் புதுக்கோட்டை. காலை ஆகாரம் ஓர் இட்லி, 70 கலோரி, வீட்டிலேயே முடிந்திருந்தது. காப்பிக் கிளப்பில் ஓரணாவுக்குக் காப்பி வாங்கி, சர்க்கரை வேண்டாம் என்றேன். கிளப்புக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சர்க்கரை போடலேன்னாலும் அதே ஓரணாதாங்க" என்றார். பக்கத்து மேஜையில் நெய்த் தோசை வந்தது. நான் எழுந்து வெளியே போய் நின்று குடித்தேன்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கடைவீதியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் நிலக்கடலை மண்டி இருக்கிறது. அங்கே மூட்டை நிறுக்கிற பலகைத் தராசில் ஏறினால் அரை ராத்தல்வரை சரியாகக் காட்டும். மேல்துண்டு, மூக்குக் கண்ணாடி, செருப்பு மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். 187.

இருபது நாளில் ஒரே ஒரு ராத்தல். இறங்கி மறுபடி ஏறினேன். 187தான்.

"எத்தனை தடவை ஏறினாலும் கடலை ஒடையாதுங்க" என்றான் மூட்டை தூக்குகிற ஆள். "ஏத்து கூலி எறக்கு கூலி ஓரணா குடுத்துட்டுப் போங்க. அம்மன் காசாச் சில்லறை வேணாம், ஒரே காசாக் குடுங்க."

சமஸ்தானத்துச் சின்னச் செப்புக் காசுக்கு அம்மன் காசு என்று பெயர். மண்டிக்காரர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று தெரியாமல் ஓரணாவைக் கொடுத்துவிட்டேன். அவன் வாங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

9 மணிக்குத் திருமயம் பஸ். பன்னிரண்டரை மைல், ஐந்தணா. வெயில் ஏறிவிட்டது. வழியெல்லாம் ஒரே கணக்கு: இன்னும் இருபத்து மூன்று நாளில் பதினொரு ராத்தல் இறங்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு ராத்தலுக்குக் கொஞ்சம் கீழே. 900 போதாது, 700 ஆக்க வேண்டும் என்று முடிவு செய்தபோது திருமயம் கோட்டை கண்ணில் பட்டது. பாறை மேல் மதில் வளைந்து போகும் அழகைப் பார்க்க வேண்டும் என்று பல நாள் ஆசை. ஆனால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோட்டையைப் பற்றி நான் எழுதக்கூடியது அது மங்கலாகவும் இரண்டாகவும் தெரிந்தது என்பது மட்டும்தான். மாட்டு வண்டி நாலணா. 11 மணி 20க்குச் சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கினேன்.

"வாங்க சம்பந்தி, வாங்க. என்ன, காத்துல பறந்து வந்தவுகளாட்டம் இருக்கீக" என்று சம்பந்தி கையைப் பிடித்தார். இளைத்துவிட்டேன் என்று அவர் சொன்னது அன்று முழுவதும் எனக்குத் தெம்பாக இருந்தது. பயண அலுப்பு என்று சொல்லி அன்றைய சாப்பாட்டைக் கஞ்சியிலும் மோரிலும் தள்ளிவிட்டேன்.

10ஆம் தேதி, வியாழக்கிழமை. காலை 9 மணிக்குக் காதுகுத்து நடந்தது. குழந்தை மாமன் மடியில் இருந்து அலறினாள், எல்லாரும் சிரித்தார்கள். 11 மணிக்குப் பந்தி.

அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். காதுகுத்து விருந்தில் முதல் பந்தி தாய்வீட்டுக்கு. அதில் முதல் இலை தாயைப் பெற்ற தகப்பனுக்கு. அவர் இலையை ஊரே பார்க்கும். வயிறாரச் சாப்பிட்டு எழுந்தால் வந்த மரியாதை போதும் என்று அர்த்தம். இலையில் மிச்சம் வைத்தால் அவருக்கு மனக்குறை இருக்கிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதது இல்லை. என் அடிவயிற்றைத் தவிர வேறு எதையும் நினைக்க எனக்கு அப்போது முடியவில்லை.

சோறு இரண்டு கரண்டி, ஆட்டுக்கறிக் குழம்பு ஒரு கரண்டி. 480 கலோரி என்று மதிப்புப் போட்டு, இலைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டேன். சம்பந்தியே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன சம்பந்தி, எங்க ஊருக் கெடா ஒங்க கீரனூர்த் தொண்டையில எறங்காதோ?"

"போதும் சம்பந்தி. உடம்பு சரியில்லை."

"நேத்துப் பயண அலுப்புன்னீக. இன்னைக்கி ஒடம்பா? சரி, சரி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வாளியை அடுத்த இலைக்குக் கொண்டுபோகாமல் கீழே வைத்துவிட்டார். பந்தியே என் இலையைப் பார்த்தது.

கை கழுவுகிற இடத்துக்கு என் மகள் வந்தாள்.

"அப்பா, நீங்க கோவமா இருக்கீங்கன்னு பேசிக்கிறாங்கப்பா. நீங்க செஞ்ச தோடு பவுன் கொறைச்சலுன்னு எங்க மாமனார் ஏதோ சொன்னாராம், அது ஒங்க காதுல விழுந்திருச்சாம். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவருக்கு மொகமே வாடிப்போச்சு. ரெண்டாம் பந்தியில ஒக்காந்து ரெண்டு வாய் சாப்பிடுங்க. நான் இந்த வீட்டுல இருக்கணும்ல?"

"மார்ச் நாலாம் தேதிவரை என்னைக் கட்டாயப்படுத்தாதேம்மா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். வயிற்றை அறுக்கப்போகும் விஷயத்தைப் பெற்ற பெண்ணிடம் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது என்று மறைத்து வைத்திருந்தேன்.

பிற்பகல் 3 மணி 10 நிமிஷம். பந்தலில் எல்லாரும் படுத்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம் என்று சமையல் கொட்டகைக்குப் போனேன். குடித்தேன். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் அதிரசம் இருந்தது. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் எண்ணினேன், ஆனால் நிறுத்தவில்லை. ஒன்பது அதிரசம். அப்புறம் குழம்பு அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த கறியையும், தவலையில் மிஞ்சிய சோற்றையும் பிசைந்து, நின்றபடியே, கை எடுத்து வாயில் போடப் போட இன்னும் வேண்டியிருந்தது. வெளியே காலடிச் சத்தம் கேட்டபோது என் கை முழங்கைவரை அண்டாவுக்குள் இருந்தது.

சம்பந்தியம்மா. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கையில் விளக்குமாறு.

"நாயின்னு நெனைச்சு வந்தேண்ணே" என்றார்.

அந்த நிமிஷம் அடிவயிற்றில் கட்டி கல்லாகிவிட்டது. அழுத்தினால் உள்ளே போகிற கட்டி போகவில்லை. வியர்த்துக் கொட்டியது. அப்படியே சாக்கில் மல்லாந்து படுத்தேன். அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும், குடல், டாக்டர், 176, மார்ச் 4, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கத்தி ஊரைக் கூட்டவில்லை. வண்டியைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, என் முழங்காலுக்குக் கீழே ஓர் அரிசி மூட்டையை நகர்த்தி வைத்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். 3 மணி 50க்குக் கட்டி மெள்ள உள்ளே போயிற்று. நாற்பது நிமிஷம். இதுபோல் நீண்ட நாற்பது நிமிஷம் எனக்கு நினைவில்லை.

"அந்தக் கணக்கு நோட்டை வாசிங்க, கேப்போம்" என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

வாசித்தேன். ஜனவரி 21, 900. 22, 900. 24, 900. இடையில் நிறுத்தினார்.

"இருபத்து மூணு எங்க?"

"அது பின்பக்கத்தில்."

"ஏன்?"

"அன்றைக்குத் தவறிவிட்டது. தவறிய நாளைத் தனியாக எழுதியிருக்கிறேன். அது கணக்கில் சேராது."

"வயித்துல சேந்துச்சா, சேரலையா?"

முப்பத்திரண்டு வருஷம் கூட்டல் சொல்லிக்கொடுத்தவன் நான். பின்பக்கத்தைத் திருப்பினேன். அன்றையதையும் சேர்த்து ஏழு நாள். இரண்டு நாள் பட்டினி கிடப்பதும் மூன்றாம் நாள் அது உடைவதுமாகவே போயிருக்கிறது. பதினாலு நாளுக்கு 12,600. தவறிய ஏழு நாளுக்கு 27,300. மொத்தம் 39,900. இருபத்தொன்றால் வகுத்தால் 1,900. டாக்டர் சொன்னது 1,800. பதினாலு நாள் கண் இருட்டக் கிடந்து, மகளை அழவைத்து, அவர் கொடுத்த அளவுக்கு மேல் நாளுக்கு நூறு அதிகமாகவே சாப்பிட்டிருக்கிறேன்.

"அந்த வைத்தியர் ஆயிரத்தி எண்ணூறுன்னு சும்மாவா எழுதுவாரு? அதைத் தின்னுருந்தா காலையில பந்தியில மனுசனாட்டம் ஒக்காந்திருக்கலாம்ல. அதை எத்தனை வேளையாப் பிரிக்கலாம், சொல்லுங்க."

தரையில் கரியால் எழுதிக் காட்டினேன். காலை 450, மத்தியானம் 700, மாலை 150, இரவு 500. அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து போய்ச் சம்பந்தியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. ஐந்து மணிக்குச் சம்பந்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குடலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சம்பந்தி? மத்தியானம் பூரா அந்தத் தோட்டை எடை போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். என் மகள் அவருக்குப் பின்னால் நின்று சிரித்தாள், கண் இன்னும் சிவந்திருந்தது.

11ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை 7 மணி. நாலு இட்லி, சட்னி, ஒரு காப்பி. மூன்று வாரத்தில் முதல் முறையாகக் காலையில் நாலு இட்லி. ஒவ்வொன்றையும் பயந்துகொண்டுதான் விழுங்கினேன். சம்பந்தியின் வண்டியிலேயே திருமயம் வந்தேன். கோட்டை இந்தத் தடவை ஒன்றாகத் தெரிந்தது. பாறையின் இடுக்கில் ஆடுகள் நின்றன, பதினேழு.

புதுக்கோட்டையில் மண்டிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். 189.

"ரெண்டு ராத்தல் கூடிப்போச்சுங்களே. விருந்தா?" என்றான் அதே ஆள். ஓரணாவுக்குக் கையை நீட்டினான். கொடுத்தேன். 1,700 போடலாமா, 1,600 போடலாமா என்று மனம் உடனே கிளம்பிவிட்டது. அந்தக் கட்டி நாற்பது நிமிஷம் கல்லாக இருந்ததை நினைத்து அதை அடக்கினேன். கிளப்பில் அளவாக ஒரு சாப்பாடு, இரண்டரை அணா. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இருந்தபோது எழுந்துவிட்டேன். ஆனால் பசி இல்லை. பஸ் நிலையத்துக்கு நடந்த தூரத்தில் ஐந்து பலகாரக் கடைகளை எண்ணினேன், ஒன்றிலும் நிற்கவில்லை.

பஸ்ஸுக்கு முன் தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கி அங்கேயே நின்று டாக்டருக்கு எழுதினேன். "மார்ச் 4ஆம் தேதி என்னால் வர முடியாது. என் கணக்கு தவறு. இன்றுமுதல் 1,800. பன்னிரண்டு வாரம் கழித்து, மே 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை, இடம் இருந்தால் தெரிவிக்கவும்." பெட்டியில் போடுவதற்கு முன் கை இரண்டு தரம் பின்வாங்கியது. எண்பத்து நாலு நாள். அதற்குள் ஒரு பள்ளத்தில் எல்லாம் முடிந்துபோகலாம். போட்டுவிட்டேன்.

கீரனூர் சேர மாலை 4 மணி 25. வழியில் அதே நாற்பத்தொரு பள்ளம். என் வீட்டில் என் இலையை யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு மிச்சம் வைத்தாலும் யாருக்கும் வருத்தமில்லை, எவ்வளவு அள்ளினாலும் விளக்குமாற்றோடு யாரும் வருவதில்லை. அன்று இரவு நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, முன்பக்கத்தில் எழுதினேன்: பிப்ரவரி 11, 1,790.

சீர் நீங்கலாகச் செலவு: பஸ் ஒரு ரூபாய் ஆறணா, வண்டி நாலணா, காப்பி ஓரணா, சாப்பாடு இரண்டரையணா, என்னை மூட்டையாக ஏற்றி இறக்கிய கூலி இரண்டணா, கார்டு முக்காலணா. ஆக இரண்டு ரூபாய் காலணா.