வண்டும் மாப்பிள்ளைச் சொதியும்

அக்கா மகள் கல்யாணத்துக்கு முதலில் வந்து சேர்ந்த விருந்தாளி ஒரு வண்டு. அதற்கு யாரும் பத்திரிகை வைக்கவில்லை. ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்ததால், பாளையங்கோட்டையில் அக்கா வீட்டை ஒட்டிய காலி மனையில் பார்த்தீனியச் செடி இடுப்பு உயரத்துக்கு மதமதவென்று வளர்ந்து நின்றது. அதிலிருந்து கிளம்பிய வண்டுகள், கல்யாணத்துக்காகப் புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. மோர் நிற முதுகில் காப்பி சிந்தியது போலக் கோணல்மாணலாகக் கோடுகள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய சம்பளம்தான் ஓய்வு பெற்றது, அதிகாரம் இன்னும் பணியில் இருக்கிறது. அவர் கைப்பேசியில் ஒரு செயலி உண்டு. எந்தச் செடியை, பூச்சியைப் படம் பிடித்தாலும் பெயர் சொல்லும். முந்தின வாரம் அது வீட்டுக் கறிவேப்பிலையை வேம்பு என்று சொன்னதை அத்தான் பெருந்தன்மையாக மன்னித்திருந்தார். இப்போது வண்டைக் காட்டினார். அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வயல்களை மொட்டையடிக்கும் வண்டு என்று அது தீர்ப்புச் சொன்னது.

"மாப்ள, இங்கன வாரும். உருளைக்கிழங்க அழிக்கதுக்குன்னே பொறந்த வண்டு, நம்ம வீட்டுச் செவுத்துல நிக்கி!" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். எனக்கு இந்த வண்டைத் தெரியும். மெக்சிகோ பக்கத்து இலைவண்டு. பார்த்தீனியத்தைத் தின்று ஒழிக்கட்டும் என்று விஞ்ஞானிகளே பல வருஷங்களுக்கு முன் பெங்களூருக்கு வரவழைத்துத் திறந்துவிட்ட வண்டு. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவி எங்கள் பக்கமும் வந்திருக்கிறது. அத்தான் சொல்லும் வண்டுக்கு முதுகில் கோடுகள் நேராக ஓடும். அது இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வந்தாலும் இலையைத்தான் தின்னும், கிழங்கைச் சீண்டாது. அதுவும் போக, திருநெல்வேலியில் எவன் உருளைக்கிழங்கு பயிர் வைத்திருக்கிறான்? இத்தனையையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"நீரு மீன் படிச்ச ஆளுல்லா? பூச்சி விஷயத்துல பேசப்பிடாது வே" என்றார் அத்தான்.

நான் ஆராய்ச்சி செய்தது தாமிரபரணி மீன்களைப் பற்றி. அந்த ஒரு காரணத்தால், தண்ணீருக்கு வெளியே எது அசைந்தாலும் எங்கள் குடும்பத்தில் எனக்கு வாய்ப்பூட்டு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கண்ணாடிச் சீசாவை எடுத்து, உருளைக்கிழங்கு வில்லை ஒன்று, பார்த்தீனியக் கொழுந்து ஒன்று போட்டு, ஒரு வண்டையும் உள்ளே விட்டேன். "இப்பப் பாருங்க அத்தான், கிழங்கத் திரும்பிக்கூடப் பாக்காது." வண்டு நிதானமாக நடந்துபோய்க் கிழங்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தின்னவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்கு அங்கே காற்று வந்ததோ என்னவோ. இதைவிட ஒரு மனிதனை ஒரு பூச்சி அவமானப்படுத்த முடியாது. அத்தான் அதையும் படம் எடுத்து, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எழுதி, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

வண்டு பெங்களூரிலிருந்து இங்கே வந்து சேர எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அத்தானின் எச்சரிக்கை ஏரலுக்குப் போய்ச் சேர ஒரு தம்ளர் காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. ஏரல் சித்தப்பா, "இங்கயும் வந்துட்டு" என்று ஒரு படம் அனுப்பினார். அது பொறிவண்டு. சீவலப்பேரியிலிருந்து வந்தது நெற்கதிரில் பால் உறிஞ்சும் கதிர்நாவாய்ப் பூச்சி. களக்காட்டு மதினி அனுப்பியது, கொம்பு முளைத்த காண்டாமிருக வண்டு. "இது அதுகளுக்கு அப்பனா இருக்குமோ?" என்று கீழே கேட்டிருந்தார். அத்தான் பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் அமெரிக்க வண்டு என்று உறுதி செய்தார். சாயங்காலம் அதே எச்சரிக்கை என் கல்லூரி நண்பர் வழியாக எனக்கே திரும்பி வந்தது. 'உருளைக்கிழங்கு சாப்பிட்டால் வயிற்றில் வண்டு குஞ்சு பொரிக்கும்' என்று எவனோ ஒரு புண்ணியவான் கடைசியில் சேர்த்திருந்தான்.

மறுநாள் அத்தான் உத்தரவு போட்டார். கல்யாணம் முடிகிறவரை வீட்டுக்குள்ளும் மண்டபத்துக்குள்ளும் உருளைக்கிழங்கு வரக்கூடாது. அக்கா என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய் அழுதாள். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில், தாலி கட்டிய மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு மாப்பிள்ளைச் சொதி வைத்து விருந்து போட வேண்டும். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பு, காய்கறிகளோடு உருளைக்கிழங்கும் வெந்து குழைந்து கிடக்க, இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது. தாலியில் குறை இருந்தால்கூடப் பொறுப்பார்கள், சொதியில் குறை இருந்தால் பொறுக்க மாட்டார்கள்.

"சம்பந்தி வீடு திருநெல்வேலி டவுனுக்காரவ லே. சொதியில கிழங்கு இல்லன்னா எம்பிள்ளைய ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாவ. நீ தாய்மாமன்தானே, ஏதாவது செய்யி."

அக்கா அழுதால் எனக்குத் தாங்காது. நேரே தவசுப்பிள்ளையிடம், அதாவது கல்யாணச் சமையல்காரரிடம் போனேன். அவர் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தார். "கிழங்கு இல்லாத சொதிய எறக்கி வச்சிட்டு நான் எந்த மூஞ்சியோட அடுத்த கல்யாணத்துக்குப் போக? நீரு கிழங்க யாருக்கும் தெரியாமப் பையக் கொண்டாந்து தாரும். நான் பையப் போட்டுருதேன்."

விருந்தன்று விடியற்காலையில் என் வீட்டிலேயே கிழங்கை அவித்து, தோலுரித்து, துண்டு போட்டேன். தடயம் இருக்கக்கூடாது என்று தோலை என் வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தேன். கல்லூரிப் பையில் தூக்குவாளியை மறைத்து வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது, வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அத்தான், "என்ன மாப்ள, இன்னைக்கும் கிளாஸா?" என்று கேட்டார். "ஆமா, மீன் பாடம்" என்றேன்.

சொதி மணக்க மணக்கப் பந்திக்கு வந்தது. அக்கா முகத்தில் அப்போதுதான் கல்யாணக் களை தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா இலை முன்னால் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஏரல்ல இருந்து ஒரு மெசேஜ் வந்துது. உருளைக்கிழங்குல வண்டு இருக்காம். எங்க வீட்டுல நாங்க வாங்கதையே நிறுத்தியாச்சு. நீங்க ஒண்ணும் போடலியே?"

அக்கா என்னைப் பார்த்தாள். அத்தான் நெஞ்சை நிமிர்த்தி, "அந்த மெசேஜ எழுதினதே நாந்தான் மதினி. ஒரு கிழங்கு உள்ள வரல" என்றார். அதே சமயம் தவசுப்பிள்ளையின் கரண்டியிலிருந்து சம்பந்தியம்மா இலையில் பளபளவென்று ஒரு துண்டு விழுந்தது.

"அப்ப இது என்ன?"

மண்டபமே என்னைப் பார்ப்பது போலிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "களக்காட்டு மலைக்கிழங்கு மதினி. காட்டுல வெளையுதது. ரொம்ப அபூர்வம்."

பக்கத்து இலையில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று, "அபூர்வந்தான்" என்றார். பிறகு எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அத்தான் மூன்றாம் முறை வாங்கும்போது, "உருளைக்கிழங்குல்லாம் இதுக்குக் கிட்ட நிக்காது" என்றார். அன்று மாலை குழுவில் மலைக்கிழங்கின் மருத்துவ குணங்கள் பற்றி அவர் எழுதியதை நான் படிக்கவில்லை. படிக்கத் துணிச்சல் வரவில்லை.

கார்த்திகைக்குள் வண்டுகள் காலி மனையில் பார்த்தீனியத்தைப் பெரும்பாலும் தின்று தீர்த்து, வேறு மனை பார்த்துப் போய்விட்டன. தன் எச்சரிக்கைக்குப் பயந்து ஓடிவிட்டன என்று அத்தான் சொல்கிறார். நான் மறுக்கவில்லை. இல்லாத ஒரு கிழங்குக்குப் பெயர் வைத்தவன் பூச்சியின் பெயரைப் பற்றி வாதாடினால் நன்றாக இராது.

இந்தச் சமயத்தில்தான் புகுந்த வீட்டிலிருந்து மருமகள், அக்கா மகள்தான், போன் செய்தாள். "மாமா, அத்த மலைக்கிழங்கு கேக்காவ. வாரம் ஒரு தடவயாவது வேணுமாம். இல்லன்னா பொய் சொன்னோம்னு நெனப்பாவ."

கல்யாணத்தோடு தாய்மாமன் சீர் முடிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். முடியவில்லை. வாராவாரம் உருளைக்கிழங்கை அவித்து உரித்து, தூக்குவாளியில் போட்டு, டவுன் பஸ் ஏறினேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு மாட்டிக்கொள்வோம், இந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்கும் என்று வாளியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

போன வாரம் மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே என்னை மறித்தார். வாளியைத் திறந்து பார்த்தார். வீட்டுக்குள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க அந்தக் காலத்துல இருந்து டவுன்ல மளிகைக்கடை வச்சிருக்கோம் வே. உருளைக்கிழங்கு எனக்குத் தெரியாதா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீய..."

"சொல்லுதேனா? ஒம்ம மருமவ புண்ணியத்துலதான் எனக்கு இந்த வீட்டுல கிழங்கே கெடைக்கி" என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "வாரத்துக்கு ஒரு தடவ காணாது. புதன்கிழமையும் கொண்டு வாரும்."