பதினேழு வயசுக்குக் கத்தி கிடையாதாம்

பாயான் பாரு பாசார்ல, அதான் மார்க்கெட்ல, இருக்குற எங்க கோழிக்கடையில கத்தியோட பிடி உடைஞ்சு போச்சு. புதுசு வாங்கப் பக்கத்துச் சாமான் கடைக்குப் போனேன்.

கவுண்டர்ல இருந்த அக்கா ஐசி, அதான் அடையாள அட்டை, கேட்டாங்க. பார்த்துட்டு, "பதினெட்டு ஆகலையேம்மா, விக்க முடியாது லா"ன்னு கத்திய எடுத்து உள்ள வச்சுட்டாங்க.

"அக்கா, ஞாயித்துக்கிழமை உங்களுக்குக் கோழி வெட்டித் தர்றதே நான்தானே?"

"தெரியும்மா. ரூல்ஸ் அப்படி."

வாராவாரம் "தோலை உரிச்சிடு, கறிக்குச் சின்னதா வெட்டு"ன்னு நின்னு வேலை வாங்குறப்ப மட்டும் என் வயசு ஞாபகம் வராதா?

சரிக்கா. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். இந்த ஞாயித்துக்கிழமை வாங்க, கோழிய முழுசாவே தர்றேன். உங்களுக்குத்தான் பதினெட்டு தாண்டிடுச்சே, நீங்களே வெட்டிக்குங்க.

என்ன மக்களே, நான் சொல்றது தப்பா?