செதிலில் மிச்சமிருந்த உயிர்

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் கிறிஸ்டிக்கு உதவியாளர் வேலை. கணவன் சாலமன் மஸ்கட்டில் தளக்கல் பதிக்கப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்த பிறகு தேடிக்கொண்ட வேலை அது. உடல் ஊர் வந்து சேரவே பல நாளாகிவிட்டது. ஆத்தங்குடி வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியபோது, திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். கிறிஸ்டியும் மாமியார் செபஸ்தியம்மாளும் பலகையைத்தான் தடவி அழுதார்கள்.

இந்தக் கோடையில் பேராசிரியை சண்முகப்ரியா, செத்த மீனின் தோல் செல்கள் எந்தெந்த நிலையில் எப்படி மாறுகின்றன என்று பார்க்கத் தொடங்கினார். கண்மாயிலிருந்து ஜிலேபிக் கெண்டை உயிரோடு வரும். கொன்றதும் ஒன்றை மேசைமேல் அப்படியே விட்டுவிடுவார்கள். இன்னொன்றை ஐஸில் புதைப்பார்கள். இரண்டிலிருந்தும் அவ்வப்போது செதில் எடுத்து உப்புக் கரைசலில் போட்டு நுண்ணோக்கியில் வைப்பது கிறிஸ்டியின் பொறுப்பு.

முதல் நாள் அவளையும் பார்க்கச் சொன்னார் பேராசிரியை. செதிலில் கறுப்புச் செல்கள் வேர் விட்டதுபோல விரிந்து கிடந்தன. அட்ரினலின் மருந்து ஒரு சொட்டு விழுந்தது. விரிந்த கறுப்பு மெல்ல உள்வாங்கிப் புள்ளி புள்ளியாகச் சுருங்கியது. மீன் செத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"மீன்தான் செத்துருச்சே மேடம்?"

"மீன் போயிருச்சு கிறிஸ்டி. தோலுக்கு இன்னும் உயிர் போகல."

மதியத்துக்குமேல் மேசைமீன் கொழகொழத்துவிட்டது. அதன் செல்கள் உடைந்து கறுப்பு சிதறிக் கிடந்தது, மருந்துக்கு அசையவில்லை. ஐஸில் இருந்த மீனின் செல்கள் மட்டும் மறுநாளும் கொஞ்சம் சுருங்கிக் காட்டின. பிறகு அதுவும் நின்றுபோனது.

மனிதத் தோலும் இப்படித்தானா என்று கிறிஸ்டி கேட்டாள். பேராசிரியைக்குச் சாலமன் விஷயம் தெரியும். மூச்சு நின்ற பிறகும் தோல் செல்கள் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் தொடுவது யார் என்று அவற்றுக்குத் தெரியாது, உணர்வெல்லாம் மூளையோடு போய்விடும் என்று ஒளிக்காமல் சொன்னார். கிறிஸ்டி தலையாட்டினாள். ஆனாலும் அன்றுமுதல் செதில் எடுக்கும்போதெல்லாம் மனம் மஸ்கட்டுக்கு ஓடியது. அவன் தோலில் உயிர் இருந்த அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அங்கே தன் கை இருந்திருக்க வேண்டும் என்று ஏங்கினாள்.

சாலமனோடு வேலை பார்த்த கண்டரமாணிக்கத்து முத்தப்பன் விடுப்பில் வந்திருப்பது தெரிந்து ஆள் அனுப்பி வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்கு அவர் வீட்டுக்கு வந்தார். மாமியார் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் அமர்ந்தார். கிறிஸ்டி சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அவுக உசுரு போன பெறகு பக்கத்துல யாரும் இருந்தீகளா?"

"நான்தான் இருந்தேன் தங்கச்சி. ஆஸ்பத்திரி வண்டி வர்ற வரைக்கும் கையப் புடிச்சுக்கிட்டே உக்காந்துருந்தேன். கையில சூடு ஆறல. அதான் விட மனசு வரல."

செபஸ்தியம்மாள் எந்தக் கையால் பிடித்திருந்தார் என்று கேட்டார். முத்தப்பன் வலது கையை நீட்டினார். சிமெண்டு தின்று காய்த்துப்போன கை. செபஸ்தியம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார்.

கிறிஸ்டி தூணோரம் வெகுநேரம் நின்றாள். தான் தொட ஏங்கியது இந்தக் கையை அல்ல என்பது அவளுக்குத் தெரியும். பிறகு வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கித் தன் விரல்களையும் அதன்மேல் வைத்தாள். முத்தப்பன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.