பாய்மரக் கம்பியும் பஞ்சுத் துண்டும்

டில்லியில் பாய்மரப் படகுக்கு மெக்கானிக் என்று சொன்னால், கடல் எங்கே என்று கேட்டுச் சிரிப்பார்கள். வயிறெரிய யமுனையே போதும் என்பது எனக்குத்தான் தெரியும். ரிப்பேர் வேலையில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, நீங்கள் ஃபிரிட்ஜ் பார்த்தாலும் சரி, லிஃப்ட் பார்த்தாலும் சரி, இது உங்கள் கதையும்தான். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, மயூர் விஹாரில் குடியிருந்துகொண்டு, ஆற்றங்கரையில் ஒரு சின்ன கிளப்பின் படகுகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

பஞ்சு

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிப்பது முறுக்கிய எஃகுக் கம்பி. யமுனையில் மிதக்கும் ரசாயன நுரை அதையும் அரித்துவிடும். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சால் துடைத்துக்கொண்டே வந்தால் அறுந்த இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் போகவிருந்த நீலப் படகில் துடைத்தேன். கீழ் முனையில் கொத்துக் கொத்தாகப் பஞ்சு நின்றது.

கிளப் செயலாளர் சோப்ராவைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"அச்சா ஆறுமுகம்ஜி, சுத்தம் பண்ணியாச்சு. இப்போ சரியாயிடுச்சு இல்ல?"

சாவி வளையம்

நீலப் படகை ஓட்டப்போவது கவிதா. எங்கள் மேல் வீட்டுப் பெண், நொய்டாவில் ஐ.டி. வேலை. "நீங்க அங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா அனுப்புறேன்" என்று அவள் அம்மா லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். என் தூக்கம் கெட அந்த ஒரு வாக்கியம் போதும். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும். பாய்மரம் தலையில் விழுந்தால் என்ன செய்யும்?

கம்பியைப் படகோடு பூட்டும் ஆணி நழுவாமலிருக்க ஒரு எஃகு வளையம் உண்டு. அது தொலைந்திருக்கிறது. அந்த இடத்தில் கவிதா தன் சாவிக்கொத்து வளையத்தை மாட்டியிருந்தாள்! அதுவும் ஏற்கனவே துருப்பிடித்திருந்தது. கத்திவிட்டேன். அவள் அசரவில்லை.

"டென்ஷன் ஆகாதீங்க அங்கிள், என் ஸ்கூட்டி சாவி இதுலதான் தொங்குச்சு, ஒரு நாளும் விழுந்ததில்ல."

சிவப்பு நூல்

வளையத்தை மாற்றினேன். சோப்ராவிடம் புதுக் கம்பி கேட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அறுந்த இடத்தின் மேல் கறுப்பு டேப், அதன் மேல் கோயில் சிவப்பு நூல், நூலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். பண்டிட்ஜியை வரவழைத்துப் பூஜையே போட்டிருக்கிறார் சோப்ரா. சாமி மேல் எனக்கு என்ன கோபம்? நூலுக்கு அடியில் ஒளித்த அந்த டேப்பைப் பார்த்துத்தான் ரத்தம் கொதித்தது. கத்தியை எடுத்தேன். சோப்ரா கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூஜை போட்டதை வெட்டினா பாவம் உங்களுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை

கொடி, சமோசா, பரிசுக் கோப்பைகள் அடுக்கிய மேஜை எல்லாம் தயார். "ஜல்தி, ஜல்தி" என்று சோப்ரா விரட்டுகிறார். கரையோரம் நின்ற படகில் ஏறக் கவிதா காலைத் தூக்கினாள். நான் குறுக்கே போய் நின்றேன். இந்தக் கம்பி என் ஒரு இழுப்பைத் தாங்கினால் போகட்டும், இல்லையென்றால் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும் என்றேன். எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

கம்பி அறுந்து, டேப்பும் நூலும் எலுமிச்சம்பழமும் என் கையோடு வந்தன. பாய்மரம் மறுபக்கம் சாய்ந்து, யாருமில்லாத பரிசு மேஜையின் மேல் போய் விழுந்தது. கவிதா வெளிறிப்போய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நசுங்கிய கோப்பையைக் கையில் எடுத்த சோப்ராவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே நின்னுட்டிருந்தது! நீங்க கை வெச்சதும்தானே விழுந்தது?"

அன்றிலிருந்து கிளப்பில் எனக்குப் பாய்மரத்தை உடைத்தவன் என்று பெயர். அந்தப் பெயரோடுதான் கவிதாவை முழுசாகக் கூட்டிப்போய் அவள் அம்மாவிடம் விட்டேன்.